சண்டியனை நான் நல்ல பிள்ளையாக்கிய வியாழக்கிழமை

போன மாதத்தோடு தியேட்டரின் கடைசி வரிசை மூலைக் கதிரையை நான் விட்டுவிட்டேன். அதில் இனி நீங்கள் மூவரும் மாறி மாறி இருக்கப்போகிறீர்கள். மூன்று பேரும் பலேர்மோவில் பிறந்தவர்கள், ஆனால் தமிழ் வாசிப்பீர்கள் என்று உங்கள் அம்மாமார் என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். வாசிக்க முடியாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நோகிற இடங்களை அவர்கள் விட்டுவிட்டு வாசிப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏன் தெரியும் என்பதுதான் இந்தக் கதை.

நம் வேலையைப் பற்றி வெளியே கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. வெளிநாட்டுப் படம் ஓடும்போது திரைக்குக் கீழே இத்தாலிய மொழியில் வசனம் வருகிறதே, அது நம் தியேட்டரில் தானாக வருவதில்லை. ஒருவர் முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, பின்வரிசையில் மடிக்கணினியோடு இருந்து, ஆட்கள் வாய் திறக்கத் திறக்க ஒவ்வொரு வரியாகத் தட்டிவிட வேண்டும். எந்தப் பொத்தான், எந்த மென்பொருள் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

இந்த வேலைக்கு வருமுன் நான் பதினொரு வருடம் ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய வீட்டுக்கார அம்மாவை, அவர் வீட்டில் பார்த்துக்கொண்டேன். வயதான மனுசி, நல்ல வாய்க்காரி. சமையலறையில் எண்ணெய் சிந்தினால் அவர் விடும் வார்த்தைகளில் இருந்துதான் என் இத்தாலிய மொழி வளர்ந்தது. அவர் இறந்தபோது அழுவதற்குக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவரோடு என் வேலை ஒப்பந்தமும் போய்விட்டது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸோ புதுப்பிக்க முடியாது. பெர்மெஸோ இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது. ஒரேத்தோப் பகுதியில் இரண்டு அறை வீட்டில் நானும் மகளும்தான். அவள் அப்போது லிச்சேயோவில், உயர்தரப் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாள், அவளுடைய பத்திரங்களும் என் பெயரோடுதான் கட்டியிருந்தன. குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸோ புதுப்பிக்க எனக்குக் கொடுத்த நாளுக்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. “எல்லாம் சரியாப் போகுது பிள்ளை, நீ படி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் நம் தியேட்டரை அப்போதும் இதே தீரெத்திரீச்சேதான், இதே மேலாளர் அம்மாதான், நடத்தினார். உங்களுக்கு அவரைத் தெரியும், பத்துச் சொல் பேச வேண்டிய இடத்தில் இரண்டு சொல் பேசுகிறவர். அவர் வியாழக்கிழமை பின்னேரங்களில் பழைய படங்கள் போடத் தொடங்கியிருந்தார். வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. ஓய்வு என்றுதான் பெயர், சிஞ்ஞோராவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? எனவே அவரவர் தங்கள் சிஞ்ஞோராவையும் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு வந்தார்கள். அரைவாசி சிஞ்ஞோராக்கள் கண்ணாடியை வீட்டில் மறந்து வருவார்கள். பக்கத்தில் இருக்கும் எங்கள் பெண்கள் திரையில் வரும் எழுத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். படம் ஓடும் நேரம் முழுவதும் தியேட்டரில் ஒரு பள்ளிக்கூடச் சத்தம் இருக்கும்.

அப்படி ஒரு வியாழனுக்கு ஒரு பழைய இங்கிலாந்துப் படம் வந்தது. கறுப்பு வெள்ளை. ஒரு கடற்கரை நகரம், அங்கே மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு சண்டியன். முகம் பால் வடியும், வேலை எல்லாம் கத்தியால். அவனை நம்பி ஒரு சலவைக் கடைப் பெண். இத்தாலிய வசனம் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் சில காலம் ஆங்கிலம் படிப்பித்தவள் என்று யாரோ சொல்லி, தீரெத்திரீச்சே என்னைக் கூப்பிட்டார்.

“செய்யேலுமோ?” என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

“ஓம், செய்வன்” என்றேன்.

“நல்லாச் செய்தால் நிரந்தரமா எடுக்கிறன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. நீ எழுதுறதுதான் எனக்கு வேதம்.”

மூன்று கிழமை இரவு பகலாக எழுதினேன். என் இத்தாலிய இலக்கணத்தை மகள் திருத்தித் தந்தாள். தீரெத்திரீச்சே வாசித்துப் பார்த்து, “நல்லா ஓடுது” என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களில் இரண்டு பேரின் அம்மாமார் இன்றும் சிஞ்ஞோரா பார்க்கிறார்கள், இது உங்கள் வீட்டுக் காற்றிலேயே இருக்கிறது. வயதானவரைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு நாளைக்கு நூறு தடவை மொழிபெயர்க்கிறார். அவருடைய மகன் தொலைபேசியில், “இந்த ஞாயிறும் வர எனக்கு விருப்பமில்லை” என்பான். “மகனுக்கு வேலை கூடவாம், உங்களை விசாரிச்சவர்” என்று சொல்வோம். மேல்வீட்டுக் கிழவர் செத்துப்போவார், “மகள் வீட்டை போயிட்டார்” என்போம். என் சிஞ்ஞோராவின் வயிற்றைப் பற்றி டாக்டர் சொன்ன சொல்லை நான் வெறும் புண் என்று மாற்றிச் சொன்னேன். அவர் கடைசிவரை அதை நம்பினாரா, நம்புவதுபோல் எனக்காக இருந்தாரா என்று தெரியாது. பதினொரு வருடம் அப்படியே பழகிய கைதான் அந்தச் சண்டியனின் வசனத்தையும் எழுதியது.

வேண்டுமென்று செய்யவில்லை, நம்புங்கள். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்து, “வாயைத் திறந்தியோ, பிறகு மூட வாய் இருக்காது” என்கிறான். நான் எழுதியது: “தயவுசெய்து இதை ஒருவருக்கும் சொல்லாதே.” ஒரு தொப்பிக்கடைக்குப் போய்க் கடைக்காரனிடம் சொல்கிறான்: “எல்லாம் துணியும் பலகையும். பத்தினால் கால் மணித்தியாலம் நிக்காது. உன்ர பெண்சாதி மேல்மாடியிலதானே படுக்கிறவள்?” என் பேனா அதை இப்படி இறக்கியது: “அழகான கடை. நெருப்பு விஷயத்தில் கவனமாக இருங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.”

அந்த வியாழக்கிழமை தியேட்டர் நிறைந்திருந்தது. முதல் பாதியில் ஒரு வரிகூடப் பிந்தாமல் தட்டினேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் முன்மண்டபத்துக்கு வந்தேன், சிஞ்ஞோராக்கள் எல்லோரும் அவனைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பண்பான பொடியன்.”

“தாய் நல்லா வளர்த்திருக்கிறாள்.”

“பொலிஸ்காரர் ஏன் அவனைக் கலைக்கினம்? பாவம்.”

ஒரு சிஞ்ஞோரா தன் பேத்திக்கு இப்படி ஒருவன் கிடைக்க வேண்டும் என்று, கையில் ஐஸ்கிரீமோடு, இந்த ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் நேரடியாக வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மிச்சக் கதை நினைவுக்கு வந்தது. இரண்டாம் பாதியில் இந்தப் பண்பான பொடியன் இரண்டு பேரைக் கொல்லப்போகிறான், மூன்றாவதாக அந்தச் சலவைக் கடைப் பெண்ணிடம் போகப்போகிறான். அதற்கும் நான் மரியாதையான வசனம்தான் எழுதி வைத்திருந்தேன்.

அப்போது எங்கள் பெண்களில் ஒருவரான யோகேஸ் அக்கா என்னிடம் வந்தார். அவர் பார்த்துக்கொண்ட சிஞ்ஞோராவை நீங்கள் கண்டதில்லை, ஒல்லியான, எப்போதும் கறுப்பு உடுப்புப் போடும் விதவை. அவருடைய கணவர் முன்பு வியா மக்வேதாவில் துணிக்கடை வைத்திருந்தவர்.

“சிஞ்ஞோரா உம்மோட கதைக்கவேணுமாம்” என்றார் யோகேஸ் அக்கா. “படம் துவங்கினதில இருந்து ஒரு மாதிரி இருக்கிறா.”

சிஞ்ஞோரா சுவரோரக் கதிரையில் இருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

“அந்தத் தொப்பிக்கடையில அவன் என்ன சொன்னவன்?” என்று கேட்டார்.

“எழுத்தில வந்ததுதான், சிஞ்ஞோரா.”

“எழுத்தை யோகேஸ் வாசிச்சவள். நான் கடைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தனான். வணக்கம் சொன்னால் ஒருத்தற்றை முகம் அப்பிடிப் போகாது. நாப்பது வருசத்துக்கு முந்தி என்ர மனுசன் ஒருநாள் மத்தியானம் அந்த முகத்தோட வீட்டை வந்தவர். கேட்டதுக்கு, ‘ஒரு பொடியன் கடைக்கு வந்தவன், நல்ல மரியாதை, நெருப்புக் கவனம் எண்டு சொன்னவன், உனக்கும் வணக்கம் சொன்னவன்’ எண்டார். எனக்கு அண்டைக்குச் சந்தோசமாக்கூட இருந்தது. அடுத்த கிழமை கடை எரிஞ்சது. அவன் உண்மையா என்ன சொன்னவன் எண்டு அவர் சாகுமட்டும் எனக்குச் சொல்லேல்லை. இப்ப நீ சொல்லு. உந்தப் பொடியன் வாயால என்ன சொன்னவன்?”

எப்போதோ ஒரு துணிக்கடைக்காரரும், இப்போது நானும், ஒரே வரியை ஒரே மாதிரி மாற்றியிருந்தோம். பதினொரு வருடப் பழக்கம் உடனே அடுத்த பொய்யைத் தயார் செய்தது. ஆனால் அந்த மனுசி நாற்பது வருடமாகக் காத்திருந்த கேள்வியை என்னிடம் கேட்டிருந்தார். சொன்னேன். துணி, பலகை, கால் மணித்தியாலம், மேல்மாடி, பெண்சாதி, எல்லாவற்றையும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

அவர் அழவில்லை. என் கையையும் விடவில்லை.

“அப்ப எனக்காகத்தான் பயந்திருக்கிறார்” என்றார். “நான் கடைக்காக எண்டு நினைச்சன். கடையைத்தான் கூட விரும்பினவர் எண்டு எத்தினை வருசம் கோவிச்சுக்கொண்டு இருந்தன்.” பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், அந்தக் கறுப்பு உடுப்புக்குள் இருந்து ஒரு இளம் பெண் சிரித்ததுபோல இருந்தது. “யோகேஸ், எனக்கும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கு. பிஸ்தா.”

இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. இங்கேதான் நீங்கள் என் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரிய வராது. தீரெத்திரீச்சேக்கு ஆங்கிலம் தெரியாது, சிஞ்ஞோராக்களுக்கும் தெரியாது. படம் கொஞ்சம் குழப்பமாக முடியும், பழைய படம்தானே என்று போய்விடுவார்கள். எனக்கு ஒப்பந்தம் கிடைக்கும், பெர்மெஸோ கிடைக்கும், பிள்ளை படிப்பாள். சொன்னால் எல்லாம் போகலாம். ஆனால் இது பலேர்மோ, சண்டியர்கள் கப்பம் கேட்டுக் கடை எரித்த ஊர். இந்த ஊரில் ஒரு சண்டியனைப் பண்பான பொடியனாக்கிக் காட்டுவது சின்ன விஷயமில்லை, அந்தத் துணிக்கடைக்காரரின் மனைவியைப்போல் அந்த மண்டபத்தில் இன்னும் எத்தனை பேர் இருந்தார்களோ, யாருக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடம் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். மிச்ச ஒரு நிமிடத்தில் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போனேன்.

“சிஞ்ஞோராக்களே, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்” என்றேன். “அந்தப் பொடியன் நல்லவன் இல்லை.”

“ஆனால் வடிவாயிருக்கிறானே” என்று ஒரு குரல் வந்தது.

“வடிவுதான். ஆனால் நல்லவன் இல்லை. அவன்ர வசனத்தை நான் மாத்தி எழுதிப்போட்டன். எனக்குக் கூடாத சொல் எழுத வரேல்லை. அவன் உண்மையா என்ன சொன்னவன் எண்டு இப்ப வாசிக்கிறன், கேளுங்கோ.”

ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இத்தாலிய மொழியில் வாசித்தேன். முதல் வரிக்கே மண்டபம் அடங்கியது. மூன்றாவது வரிக்கு எழும்பியது. பேத்திக்கு மாப்பிள்ளை தேடிய சிஞ்ஞோரா எழுந்து நின்று, சற்று முன் வைத்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சாந்தா ரொசாலியாவிடம் உரத்து அறிவித்தார். தொப்பிக்கடை வரி வந்தபோது பல சிஞ்ஞோராக்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பின்னால் கதவோரம் தீரெத்திரீச்சே கையைக் கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன். என் கதை முடிந்தது என்று நினைத்தேன், பிறகு என்ன, முடிந்தவளுக்கு என்ன பயம்.

இரண்டாம் பாதிக்கு எழுத்துப் போடவில்லை. ஒலிவாங்கியோடு முன்வரிசையில் இருந்து ஆங்கிலத்தைக் கேட்கக் கேட்க வாயாலேயே இத்தாலிய மொழியில் சொன்னேன். யோசிக்க நேரமில்லாததால் என் சிஞ்ஞோராவின் சமையலறை மொழிதான் வந்தது. இங்கிலாந்துச் சண்டியன் எண்ணெய் சிந்திய பலேர்மோக் கிழவி மாதிரித் திட்டினான். அப்படி ஒரு சந்தோஷமான கூட்டத்தை நான் பிறகு ஒருநாளும் காணவில்லை. அவன் ஒரு சொல் சொன்னால் அவர்கள் ஐந்து சொல் திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் அவன் வந்து சலவைக் கடைக் கதவைத் தட்டியபோது மண்டபம் முழுவதும் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொன்னது. சிஞ்ஞோராக்கள் சிசிலிய மொழியில் கத்தினார்கள், யோகேஸ் அக்கா தன்னை மறந்து, “திறவாதை பிள்ளை, திறவாதை” என்று தமிழில் கத்தினார். அவள் திறக்கவில்லை. அவன் பொலிஸிடம் அகப்பட்டபோது கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. பிஸ்தா ஐஸ்கிரீம் சிஞ்ஞோரா எல்லோரையும்விடக் கடைசியாகக் கைதட்டலை நிறுத்தினார்.

கூட்டம் போனபின் தீரெத்திரீச்சே வந்தார்.

“எத்தினை வரி மாத்தினனீ?”

“தெரியேல்லை. நோகிற இடமெல்லாம் மாத்தினன்.”

“ஏன் சொன்னனீ? எனக்குத் தெரிய வந்திராதே.”

“அதாலதான் சொன்னன்.”

அவர் ஒரு சிகரெட்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். “அடுத்த வியாழன் திரும்பப் போடுறன், எல்லாரும் முதல் பாதியைச் சரியாப் பார்க்கவேணுமாம். முழுக்கத் திரும்ப எழுது. உன்ர பத்திரங்களையும் கொண்டு வா. எனக்கு ஆங்கிலம் தெரியாது, அதால பிழை விட்டால் தானாச் சொல்லுற ஆள்தான் எனக்கு வேணும்.” அவர் வாயில் அவ்வளவு சொற்களை ஒன்றாக நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். அடுத்த வியாழன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார், குவெஸ்தூராவில் கொடுத்த நாளுக்கு முன்னே பெர்மெஸோவுக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது.

எனவே பிள்ளைகளே, வரி எழுதும்போது பேசுகிறவனின் வாயை மட்டும் பார்க்காதீர்கள், கேட்கிறவனின் முகத்தையும் பாருங்கள். அந்த முகத்துக்கு உங்கள் வரி பொருந்தாவிட்டால் திரும்ப எழுதுங்கள். ஏற்கெனவே திரையில் போட்டுவிட்டீர்களா, எழுந்து போய்ச் சொல்லுங்கள். வெட்கம் ஒரு கிழமையில் போய்விடும்.

ஆனால் படம் ஓடிய அந்த முதல் வியாழன் இரவு நடந்ததையும் சொல்லாவிட்டால் மறைத்தவளாவேன். ஒரேத்தோ வரை நடந்தே போனேன். மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூட மாற்றாமல் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்: ஒப்பந்தம் இல்லாமல் இருந்ததை, பெர்மெஸோ முடிய இருந்ததை, நான் அவளுக்கு மறைத்ததை, படத்தில் வசனம் மாற்றியதை. சொல்லிவிட்டுப் பிள்ளை உடைந்துபோவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பெர்மெஸோ விஷயம் எனக்குத் தெரியும் அம்மா” என்றாள். “குவெஸ்தூராக் கடிதம் வந்த அண்டைக்கே வாசிச்சிட்டன்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான். நீங்கள் வசனத்தை மாத்தினதும் தெரியும். இலக்கணம் திருத்தேக்கை ஆங்கிலத் தாள் பக்கத்திலதானே கிடந்தது. மூண்டு கிழமை முழிச்சிருந்து எழுதினனீங்கள், மனம் நோகும் எண்டு பேசாமல் விட்டிட்டன்.”

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இப்படிக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். பிறகு சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும், நிறுத்த முடியாத சிரிப்பு.

“இனி இந்த வீட்டில மறைக்கிற வேலை வேண்டாம்” என்றேன். “எதெண்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுறது. சரியோ?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மகள் புத்தகத்தை மூடி வைத்தாள். “அப்ப ஒண்டு சொல்லட்டே அம்மா. உங்கட தேங்காய்ப்பால் சொதி நல்லா இல்லை. ஒருநாளும் நல்லா இருந்ததில்லை.”